உட்கார்ந்து பார்க்கிற வேலை

அவள் கேட்டதெல்லாம் ஒரு நாற்காலி. பங்களா கேட்கவில்லை, கார் கேட்கவில்லை. மருந்துக்கடைக் கவுண்ட்டருக்குப் பின்னால் பதினோரு வருஷம் நின்று நின்று, முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் நீலமாகப் புடைத்துக்கொண்டு வந்துவிட்டது. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் இருந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். டாக்டர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே நிக்கிற வேலை வேண்டாம்மா. உக்காந்து பாக்கற வேலையாப் பாத்துக்கோங்க" என்றார். உட்கார்ந்துகொண்டேதான் சொன்னார். சொல்கிறவர்களுக்கு என்ன, சுலபம்.

கடையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முதலாளி வைத்த பெயர். டாக்டர்கள் கிறுக்கித் தரும் சீட்டில் மற்றவர்கள் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு அலமாரிக்கு ஓடுவார்கள். இவள் விரலை வரிக்குக் கீழே வைத்து, கடைசி எழுத்துவரை படித்து முடித்த பிறகுதான் அசைவாள். புரியவில்லை என்றால் எழுதின டாக்டருக்கே போன் போடுவாள். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். "அவசரம்னா அடுத்த கடைக்குப் போங்க. நான் படிக்கணும்" என்பாள், தலையைத் தூக்காமல்.

ஒருநாள் கைக்குழந்தைக்கு எழுதின சீட்டு ஒன்று வந்தது. அளவில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அரை மில்லி கொடுக்க வேண்டிய இடத்தில் ஐந்து மில்லி. அவள் போன் போட்டதும் டாக்டர் முதலில் எரிந்து விழுந்தார். அப்புறம் குரல் இறங்கி, "நல்லவேளை கேட்டீங்க" என்றார். இரண்டு மாதம் கழித்து அந்தக் குழந்தையின் அம்மா கடைக்கு வந்தபோது, குழந்தை இடுப்பிலிருந்து கையை நீட்டி இருமல் மருந்து அடுக்கை மொத்தமாகச் சாய்த்தது. உடைந்ததைக் கூட்டிப் பெருக்கும்போது அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் வாழ்க்கையில் அது நல்ல நாள். அப்படிப்பட்ட நாட்கள் நிறைய இருந்தன என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

கணவன் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். ஊரில் உள்ள உயரமான கட்டிடங்களிலெல்லாம் அவன் கை பட்டிருக்கிறது. ஒரு கட்டிடத்து லிஃப்ட்டுக்குள் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தான். பன்னிரண்டே வாரத்தில் புரோகிராமர் ஆகலாம், முன் அனுபவம் தேவையில்லை, எங்களிடம் படித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு வேலை, ஆறு மாதத்தில் வேலை கிடைக்காவிட்டால் கட்டணம் வாபஸ். கீழே கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாற்காலியப் பாரு" என்றான். "சுத்துது. கை வைக்க இடம், முதுகு சாய இடம். உனக்குன்னே பண்ணி வெச்ச மாதிரி இருக்கு."

"எனக்கு முப்பத்தேழு வயசாகுது. கம்ப்யூட்டர்ல பில் போடத்தான் தெரியும்."

"டாக்டருங்க கிறுக்கறதையே படிக்கிற. இத படிக்க மாட்டியா?"

பாவம், சரியாகத்தான் சொன்னான். அவன் சொன்னதில் தப்பே இல்லை.

கடையை விடுவதற்கு முன்னால் தன் இடத்தில் நாத்தனாரைக் கொண்டுவந்து வைத்தாள். கணவனின் ஒரே தங்கை. எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டாதவள் என்று வீட்டில் அவளுக்கு நல்ல பெயர். அண்ணி மேல் மட்டும் அவளுக்கு ஒரு பயபக்தி. பதினைந்து நாள் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தாள். "விரல வரிக்குக் கீழ வை. படிக்காம கைய நீட்டாத. இதுவாத்தான் இருக்கும்னு நெனைக்காத. புரியலன்னா கேளு, கேக்கறதுக்கு வெக்கப்படாத." நாத்தனார் தலையாட்டினாள். ஆச்சரியம், ஆறு மாதம் தாண்டியும் நின்றாள்.

பயிற்சி நிலையம் ஒரு வங்கிக்கு மேலே மூன்றாவது மாடி. நீள அறை, ஐந்து வரிசை மேஜை, இருபத்தைந்து நாற்காலி. சுழல்கிறவைதான். முதல் நாள் உட்கார்ந்ததும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள், யாரும் கவனிக்காதபோது. நடத்துகிறவரை மாணவர்கள் 'பன்னிரண்டு' என்று கூப்பிட்டார்கள், அவருக்குத் தெரியாமல். வாயைத் திறந்தால் பன்னிரண்டு வாரம்தான் வரும். சுறுசுறுப்பான மனிதர், நல்ல சட்டை, எப்போதும் கடிகாரத்தைப் பார்க்கிற கண்.

அங்கே ஒரு விதி இருந்தது. ஐந்து நிமிஷ விதி. எழுதின புரோகிராம் ஓடாமல் சிவப்பு எழுத்தில் எரர் வந்தால், ஐந்து நிமிஷத்துக்கு மேல் அதோடு மல்லுக்கட்டக் கூடாது. சிவப்பு வரியை அப்படியே காப்பி செய்து இணையத்தில் போட வேண்டும். முதலில் வருகிற பதிலை எடுத்து ஒட்ட வேண்டும். ஓடிவிட்டால் அடுத்த பாடம். ஏன் ஓடியது என்று கேட்கப் பன்னிரண்டு வாரத்தில் இடம் இல்லை. பாடத்திட்டம் பெரியது, நாட்கள் கொஞ்சம், சுவரில் ஒட்டின அட்டவணையில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

இரண்டாவது வாரம் அவளுக்கு முதல் பெரிய எரர் வந்தது. பழக்கதோஷம், விரலைத் திரையில் வைத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொரு வார்த்தையாக நோட்டில் எழுதி, தெரியாத வார்த்தைக்கு அர்த்தம் தேடி, எந்த வரியில் தப்பு என்று சொல்லியிருக்கிறதோ அந்த வரிக்குப் போய், முக்கால் மணி நேரத்தில் தானே கண்டுபிடித்தாள். கடையில் அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்த நாள்போல மனசு துள்ளியது. நிமிர்ந்தால் பன்னிரண்டு பின்னால் நிற்கிறார்.

"மேடம் பரீட்சைக்குப் படிக்கிறாங்க போல" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "நீங்க இத முடிக்கறதுக்குள்ள மத்தவங்க ரிட்டயர் ஆயிடுவாங்க மேடம். வேகம். கம்பெனில வேகம்தான் கேப்பாங்க."

இருபத்து நான்கு பேர் சிரித்தார்கள். எல்லோரும் அவளைவிடச் சின்னவர்கள். காது மடல் சூடாகிவிட்டது. அன்றைக்கு நோட்டை மூடினவள்தான், மறுபடி திறக்கவில்லை.

அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. வேகம்தான் வேண்டுமா, சரி. நான்காவது வாரத்தில் சிவப்பைக் கண்டால் கை தானாகவே போய்க் காப்பி செய்தது. ஏழாவது வாரத்தில் கண் அந்த வரிப் பக்கமே போகவில்லை. நிறம் தெரிந்தால் போதும், கை வேலையைப் பார்த்துக்கொண்டது. கடைசியில் இருபத்தைந்து பேரும் ஒரே மாதிரி பீட்சா ஆர்டர் செய்கிற இணையதளம் ஒன்றைக் கட்டி முடித்தார்கள். பன்னிரண்டு சார் மாதிரிக்குப் போட்டுக் காட்டிய முதல் ஆர்டர், இரண்டு பீட்சா ஒரு சோடா, அதுகூட இருபத்தைந்திலும் அப்படியே இருந்தது. நிறைவு விழாவில் அவளுக்குத் தனியாக ஒரு பரிசு கொடுத்தார்கள். வகுப்பிலேயே மிக வேகமான மாணவி. கணவன் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினான். பதினோரு வருஷம் கட்டிக் காத்த ஒரு குணத்தைப் பன்னிரண்டு வாரத்தில் பிடுங்கிப் போட்டதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ்.

அப்புறம் விண்ணப்பம் போட ஆரம்பித்தாள். பெரும்பாலும் பதிலே வராது. இரண்டு இடத்தில் போனில் பேசி, போனிலேயே முடித்துவிட்டார்கள். நான்காவது மாதம் ஒரு கம்பெனி நேரில் கூப்பிட்டது. மருந்துக்கடைகளுக்குச் சரக்கு பார்க்கிற சாஃப்ட்வேர் செய்கிற கம்பெனி. அதைப் படித்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இதைவிட என்ன வேண்டும்? இனிப்பு வாங்கிக்கொண்டு வரட்டுமா என்று கணவன் கேட்டதற்கு, "அவசரப்படாதீங்க" என்று அதட்டினாள். உள்ளுக்குள் அவளும் வாங்கிவிட்டிருந்தாள்.

பேட்டி எடுத்தது தலை பாதி நரைத்த ஒரு பெண். பேச்சில் வழவழா கொழகொழா கிடையாது.

"உங்க இன்ஸ்டிட்யூட்லேர்ந்து வந்தவங்கள்ல நீங்க ஒம்போதாவது ஆள். எட்டு பேரும் எனக்கு ரெண்டு பீட்சா ஒரு சோடா காமிச்சாங்க. நீங்க அத காமிக்க வேணாம். மருந்துக்கடைல பதினோரு வருஷம்னு போட்டிருந்தீங்க, அதப் பாத்துத்தான் கூப்பிட்டேன்."

ஒரு கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். சின்னப் புரோகிராம். மருந்துப் பெயரும் அளவும் போட்டால் சீட்டு அச்சாக வேண்டும், ஆகவில்லை. சரிசெய்ய இருபது நிமிஷம். இணைய இணைப்பு இல்லை.

அவள் ஓடவிட்டாள். சிவப்பு வந்தது. கை போய்க் காப்பி செய்தது. ஒட்டுவதற்கு இடம் இல்லை.

இணைப்பு எங்காவது ஒளிந்திருக்குமோ என்று தேடினாள். முன்பு எப்போதோ ஒட்டின விடைகளில் ஞாபகம் இருந்ததையெல்லாம் தட்டிப் பார்த்தாள். ஒரு சிவப்பு வரி எட்டானது. அழித்தாள், சேர்த்தாள், மறுபடி அழித்தாள். கழுத்து வியர்த்துக் காலர் நனைந்தது. இருபது நிமிஷமும் அந்த வரிகள் அவள் கண்ணுக்கு நேரே, ஒரு முழத் தூரத்தில், அப்படியே இருந்தன.

"போதும்" என்றாள் அந்தப் பெண். "மொதல்ல ஒரு எரர் வந்துச்சே. அதுல என்ன போட்டிருந்தது?"

"செவப்பா ஒரு எரர் வந்துச்சு மேடம்."

"என்ன போட்டிருந்தது?"

அவள் திரையில் அந்த வரியைத் தேடினாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் பழையபடி கொண்டுவந்து, ஓடவிட்டு, தானே வாய்விட்டுப் படித்தாள். "இருபத்தேழாவது வரி. அளவுங்கற பேர்ல இங்க எதுவும் இல்லை. இவ்வளவுதான் போட்டிருக்கு. இருபத்தேழாவது வரில அளவு இல்ல."

மேலே ஒரு இடத்தில் அந்தப் பெயரைச் சேர்த்தாள். சீட்டு அச்சாகி மெஷினிலிருந்து வெளியே வந்தது.

"கடைல ஒரு சீட்டுல அளவு இல்லாம வந்தா என்ன பண்ணுவீங்க?"

"படிப்பேன் மேடம். புரியலன்னா போன் போட்டுக் கேப்பேன். கேக்காம குடுக்க மாட்டேன்."

"அப்ப இத ஏன் படிக்கல?"

"வேகம்தான் வேணும்னு சொல்லிக்குடுத்தாங்க மேடம்."

"எங்களுக்கு வேகம் வேணாம். தெரியாதத சொல்லிக் குடுத்துக்கலாம். எனக்கு வேண்டியது வந்தத முழுசாப் படிக்கிற ஒரு ஆள், அவ்வளவுதான். கடைலேர்ந்து நேரா வந்திருந்தீங்கன்னாக்கூட யோசிச்சிருப்பேன்."

"அந்த ஆள் நான்தான் மேடம்" என்றாள் அவள். சத்தியமாக அப்படித்தான் சொன்னாள். அந்தப் பெண் ஒரு நொடி அவளைப் பார்த்தாள். பிறகு அச்சான சீட்டைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட எழுந்தாள்.

வீட்டில் கணவன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். "என்னாச்சு?"

"சொல்லி அனுப்பறேன்னாங்க."

ஆறாவது மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது பன்னிரண்டிடமிருந்து போன் வந்தது. துணைப் பயிற்சியாளர் வேலை, ஆறு மாத கான்ட்ராக்ட், உடனே சேர வேண்டும். கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் இருக்கவும் கணக்கில் ஒரு ஆளைக் கூட்டவும் ஒரே கல்லில் அடிக்கிறார் என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உக்காந்து பாக்கற வேலைதானே சார்?"

"ஐ.டி. வேலைன்னா வேற எப்படி மேடம்?" என்று சிரித்தார்.

அவள் வகுப்புக்கும் அந்தத் தொண்ணூற்றாறு எப்படி வந்தது என்று உள்ளே போன பிறகுதான் பார்த்தாள். இருபத்தைந்து பேரில் ஆறு பேருக்கு உண்மையிலேயே புரோகிராமர் வேலை. அதில் நான்கு பேர் கல்லூரியிலேயே இதைப் படித்துவிட்டு வந்தவர்கள். மற்ற இரண்டு பேர் வகுப்பு முடிந்த பிறகு மாதக்கணக்கில் வீட்டில் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு எரரையும் ஏன் ஏன் என்று குடைந்து, முதலிலிருந்து கற்றுக்கொண்டவர்கள். பழையபடி செல்போன் ரிப்பேர் கடைக்கே போனவன் பெயருக்கு எதிரே சுயதொழில் என்று எழுதியிருந்தது. கால் சென்டருக்குப் போனவள் ஐ.டி. துறையாம். இவளையும் சேர்த்து மூன்று துணைப் பயிற்சியாளர்கள். இப்படியே ஒட்டுப்போட்டு இருபத்து நான்கு ஆக்கியிருந்தார்கள். அந்த இருபத்தைந்தாவது ஆள் போனை எடுக்கவில்லை, அதனால் விட்டுப்போயிற்று.

நாற்காலி இருபத்தைந்தும் மாணவர்களுக்கு. துணைப் பயிற்சியாளர் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டும், காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை. "உக்காந்தா சோம்பல் வந்துடும் மேடம். அவங்க முதுகுக்குப் பின்னாடி ஆள் நடந்தாத்தான் வேகம் வரும்." மருந்துக்கடையிலாவது கூட்டம் இல்லாத மத்தியானம் ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்காருவாள். இங்கே அதுவும் போச்சு.

இரண்டாவது நாள் விளம்பரத்துக்குப் படம் எடுத்தார்கள். பன்னிரண்டின் அறையில், பன்னிரண்டின் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, சிரிக்கச் சொன்னார்கள். சாய்ந்தாள். முதுகுக்கு எவ்வளவு இதமாக இருந்தது! நான்கு படம் எடுத்து முடித்ததும், "எந்திரிங்க மேடம், எனக்கு ஒரு போன் கால் இருக்கு" என்றார்.

படம் லிஃப்ட்டுகளில் ஒட்டப்பட்டது. கணவன் போகிற கட்டிடத்திலெல்லாம் பெண்டாட்டியோடுதான் மேலும் கீழும் போய்வந்தான். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். ஒருநாள் கடைக்குப் போய் நல்ல பஞ்சு மெத்தை ஒன்று வாங்கிவந்தான், நாற்காலியில் போட்டுக்கொள்ள, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். அவள் அதை எடுத்துக்கொண்டு போய் அலுவலக அலமாரியில் வைத்தாள். உறை பிரிக்கவில்லை.

"மெத்த எப்படி இருக்கு?" என்று அடிக்கடி கேட்பான்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். சமையலறையில் அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து, வாளி வெந்நீரில் காலை வைத்திருந்தாள்.

"உக்காந்துதானே வேலை? இன்னும் ஏன் அண்ணி வீங்குது?"

"பழைய வீக்கம். போக நாளாகும்."

நாத்தனார் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "நானும் சேரலாம்னு பாக்கறேன். அண்ணன்கூடச் சேருன்னுதான் சொல்றாரு. என்னால முடியுமா அண்ணி? நீங்க சொன்னாச் சரி. நீங்க படிக்காம எதயும் சொல்ல மாட்டீங்க."

கான்ட்ராக்ட் முடிய மூன்று வாரம்தான் இருந்தது. தெரிந்தவர்கள் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் நீட்டிக்கலாம் என்று பன்னிரண்டு சொல்லியிருந்தார். ஒருத்தி ஏற்கெனவே சேர்ந்தாயிற்று, பக்கத்துத் தெரு. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் மெத்தையைச் சொல்ல வேண்டும், பேட்டியைச் சொல்ல வேண்டும், லிஃப்ட் லிஃப்ட்டாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"முடியும்" என்றாள். "என்னாலயே முடிஞ்சிருக்கே."

நாத்தனார் சந்தோஷத்தில் அண்ணியின் ஈரக் காலைத் துண்டால் துடைத்துவிட்டாள். அடுத்த வாரமே கடையை விட்டாள். முதலாளி வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்.

வகுப்பு ஆரம்பித்த அன்றைக்கு நாத்தனாருக்கு மூன்றாவது வரிசையில் இடம். உட்கார்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, அறை முழுக்கக் கண்ணை ஓட்டினாள். "உங்க நாற்காலி எங்க அண்ணி?"

"நான் அப்புறம் உக்காருவேன். நீ அங்க பாரு."

மத்தியானம் தண்ணீர் எடுக்கப் போன நாத்தனார் அலமாரியைத் திறந்திருக்கிறாள், உறை பிரிக்காத மெத்தை உள்ளே இருந்தது. திரும்பி வந்தாள். அண்ணியின் காலை மட்டும் ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். போவதற்கு அவளுக்கு வேறு இடமும் இல்லை.

இரண்டாவது வாரம் நாத்தனாரின் திரையில் சிவப்பு வந்தது. அவள் பதறவில்லை. விரலை வரிக்குக் கீழே வைத்து, உதடு அசைய, மெதுவாகப் படிக்க ஆரம்பித்தாள். கவுண்ட்டரில் நின்று கற்றுக்கொண்டது, ஒன்றுகூட மறக்கவில்லை.

"அண்ணி, இதுல பதினெட்டாவது வரின்னு என்னமோ போட்டிருக்கு. முழுசாப் படிச்சாப் புரிஞ்சுடும்போல. ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க."

வாசலில் பன்னிரண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். "என்ன மேடம், குடும்பமே பரீட்சைக்குப் படிக்குதா?"

இருபத்து நான்கு பேர் சிரித்தார்கள். புது கான்ட்ராக்ட் தாள் இன்னும் அவர் மேஜைமேல், கையெழுத்து ஆகாமல் இருந்தது.

அவள் குனிந்தாள். பதினெட்டாவது வரியில் என்ன தப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவள் படிக்கவில்லை. நாத்தனாரின் விரலைப் பிடித்துத் திரையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

"படிக்காத" என்றாள். "காப்பி பண்ணு. அடுத்ததுக்குப் போ."

நாத்தனார் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு காப்பி செய்தாள், ஒட்டினாள். ஓடியது. ஏன் ஓடியது என்று அவளும் கேட்கவில்லை. இன்னும் இரண்டு வரிசை பாக்கி இருந்தது, பூதக்கண்ணாடி நடந்தாள்.